கட்டடக்கலை படிக்கத் தொடங்குபவர்களுக்கு: முதல் எட்டு வாரத்தை என்னைப் போல வீணாக்காமல் இருக்க

அறிமுக வகுப்பில் எங்களுக்குக் கொடுத்த முதல் வேலை இதுதான். ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கும் அதைப் புழங்கும் சமூகத்துக்கும் என்ன உறவு என்று ஆராயுங்கள், எட்டு வாரத்தில் வரைபடங்களோடு ஒப்படையுங்கள். கேட்கும்போது எளிதாகத்தான் இருந்தது. நான் போய்ப் பார்த்தே இராத ஒரு நாட்டின் பிரபலமான அருங்காட்சியகத்தை எடுத்துக்கொண்டு, இணையத்தில் கிடைத்த அழகழகான படங்களை ஒட்டி, பன்னிரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். ஜூரியில், அதாவது செய்த வேலையை ஆசிரியர்கள் முன் வைத்து விளக்கும் மதிப்பீட்டில், ஆசிரியர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "வாசலில் எத்தனை படி?" என்றார். தெரியவில்லை. "தரை துடைப்பவர் வாளியை எங்கே வைக்கிறார்?" அதுவும் தெரியவில்லை. திரும்பச் செய் என்று அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாம் முறை ஒரு சின்ன, இரண்டு தளம் மட்டும் உள்ள பொது நூலகத்தை எடுத்தேன். பெயர் சொல்லும்படி ஒன்றுமில்லாத கட்டடம். அதில் கற்றுக்கொண்டதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். கல்லூரியில் சேர்ந்தவர்களுக்கும், தானாகப் படிக்க நினைப்பவர்களுக்கும் இதே வரிசை பொருந்தும். கோயில், கோதிக், மறுமலர்ச்சி என்று பாணிகளின் வரலாற்றிலிருந்து தொடங்கச் சொல்லி நிறையப் பேர் அறிவுரை தருவார்கள். அதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

1. கட்டடத்தைத் தேர்ந்தெடுங்கள், ஒன்று போதும்

நடந்தோ ஒரே பேருந்திலோ போய்வரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் குறைந்தது ஆறேழு தடவை போக வேண்டியிருக்கும். அந்நியர் உள்ளே நுழைந்தால் யாரும் விரட்டாத இடமாக இருக்க வேண்டும்: நூலகம், பேருந்து நிலையம், அஞ்சலகம், சமுதாயக் கூடம், மருந்தகம். அளவில் சின்னதாக இருக்கட்டும், ஒரு தளம் அல்லது இரண்டு. "பெரிய கட்டடம் எடுத்தால்தான் மதிப்பெண் வரும்" என்று எங்கள் வகுப்பில் ஒருவர் ரயில் நிலையத்தை எடுத்தார், எட்டு வாரம் முடியும்போது அவர் கையில் ஒரு நடைமேடையின் அளவுகள் மட்டும்தான் இருந்தன.

பெரிய பொறி புகைப்படங்கள்தான். கட்டடக்கலைப் புகைப்படங்கள் பெரும்பாலும் கட்டி முடித்த கையோடு, மனிதர் வருமுன், நல்ல வெயில் நாளில் எடுக்கப்படுகின்றன. பாரிஸ் அருகே புவாசியில் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே 1931-இல் கட்டி முடித்த வில்லா சவாய் வீட்டின் படங்களைப் பாருங்கள், வெள்ளை வெளேரென்று ஒரு குறையும் தெரியாது. அந்த வீட்டில் குடியிருந்த அம்மையார் மழை ஒழுகுகிறது என்று அவருக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதினார். அந்த ஒழுகல் எந்தப் படத்தில் வரும்? அதை வைத்து லெ கொர்புசியே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. படத்தை மட்டும் வைத்து ஒரு கட்டடத்தைப் பற்றி எழுதினால் எடுத்தவர் காட்ட விரும்பியதை மட்டும்தான் நாமும் எழுதுவோம், அவ்வளவுதான்.

2. அனுமதிக் கடிதத்தை முதல் நாளே கொடுங்கள்

எட்டு வாரத்தில் உங்கள் கையில் இல்லாத ஒரே விஷயம் இது. டேப்பும் நோட்டுமாக ஒருவர் சுவரை அளந்துகொண்டிருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். எனக்கு மூன்றாவது நாளே காவலாளி வந்து நிறுத்திவிட்டார், அதற்குப் பிறகு கடிதம் எழுதி, அது பொறுப்பாளர் மேசைக்குப் போய், கையெழுத்தாகி வர பதினாறு நாள். முதல் நாளே கொடுத்திருந்தால் அந்த இரண்டு நாளாவது மிச்சமாகியிருக்கும்.

கடிதம் ஒரு பக்கம் போதும். நீங்கள் யார், எதற்காக, எந்தெந்த நாளில் எத்தனை மணிக்கு வருவீர்கள், கூட எத்தனை பேர் வருவார்கள், எந்தெந்த அறைகளுக்குள் போக வேண்டும், புகைப்படம் எடுப்பீர்களா இல்லையா. வகுப்பில் சேர்ந்தவராக இருந்தால் துறைத்தலைவரின் கையெழுத்தோடு இன்னொரு கடிதமும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் "பெற்றுக்கொண்டோம்" என்று தேதியோடு கையெழுத்து வாங்கி உங்களிடம் வையுங்கள். இந்த நகல் எப்போதும் பையில் இருக்க வேண்டும், வேலை நேரம் மாறும்போது வரும் அடுத்த காவலாளிக்கு முந்தியவர் சொன்னது எதுவும் தெரிந்திருக்காது.

"ஆராய்ச்சி" என்ற சொல்லைக் கடிதத்தில் போடாதீர்கள். ஏதோ குறை கண்டுபிடிக்க வருகிறார்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். "கட்டடத்தை அளந்து வரையும் பயிற்சி" என்று எழுதினால் கதவு சீக்கிரம் திறக்கிறது, அது உண்மையும்கூட.

3. வாங்க வேண்டியதும் வாங்கக் கூடாததும்

முதல் வாரத்தில் கடைக்காரர் நம் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார், புதிதாகச் சேர்ந்தவர் என்று. விலையுயர்ந்த மார்க்கர் பெட்டி, பெரிய வரைபலகை, மாடல் (கட்டடத்தின் சின்ன மாதிரி) செய்யும் தொழில்முறைக் கத்திகள் என்று அடுக்குவார். நான் வாங்கிய மார்க்கர்களில் பாதி திறக்காமலேயே காய்ந்துபோயின.

உண்மையில் தேவைப்பட்டவை: கோடில்லாத ஒரு நோட்டு, கைக்குள் அடங்குகிற அளவில். மென்மையான பென்சில் இரண்டு. 5 மீட்டர் டேப் ஒன்று. 30 மீட்டர் டேப் ஒன்று, இதை யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு நாள் வேலைக்கு மேல் தேவைப்படாது. முக்கோண ஸ்கேல் ஒன்று, 1:50, 1:100, 1:200 அளவுகள் இருக்கும்படி. ஒரு சுருள் டிரேசிங் பேப்பர், மலிவானதே போதும், ஏனென்றால் இதில் வரைந்து வரைந்து கிழிக்கத்தான் போகிறீர்கள். மாடலுக்குப் பழைய அட்டைப்பெட்டிகள். மற்றவற்றை இரண்டாம் பருவத்தில் யோசித்துக்கொள்ளலாம்.

மென்பொருளுக்கும் இப்போது காசு செலவழிக்க வேண்டாம். லிப்ரேகேட், பிளெண்டர், ஃப்ரீகேட் எல்லாம் இலவசம். ஆட்டோகேட் மாணவர்களுக்கு இலவச உரிமத்தில் கிடைக்கிறது. ஆனால் முதல் கட்டடத்தைக் கையால் வரைந்துவிடுங்கள். திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு கதவு எவ்வளவு அகலம் என்ற உணர்வே வராது, 1:50 அளவில் 90 சென்டிமீட்டர் கதவு 18 மில்லிமீட்டர் என்று கையால் பத்துத் தடவை போட்டால்தான் அது மனதில் தங்கும்.

பணம் உண்மையில் கரைவது கடைசி வாரத்தில், பிரிண்ட் கடையில். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

4. மூன்று வரைபடங்களைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

பிளான் என்று எல்லோரும் சொல்லும் தளப்படம், ஜன்னல் உயரத்தில், அதாவது தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே, கட்டடத்தைக் கிடைமட்டமாக அறுத்து மேல்பாதியைத் தூக்கிவிட்டுப் பார்ப்பது. வெட்டுப்படம் என்பது ரொட்டியை நெடுக்காக அறுப்பது போல மேலிருந்து கீழாக அறுத்துப் பார்ப்பது. முகப்புப்படம் வெளியே நின்று நேராகப் பார்ப்பது. அறுபட்ட சுவரைத் தடித்த கோட்டால் வரைய வேண்டும், அதற்கு அப்பால் தெரிவதை மெல்லிய கோட்டால். இந்த ஒரு விதியை மறந்ததால்தான் என் முதல் வரைபடத்தில் சுவர் எது, தரை ஓட்டின் கோடு எது என்று எனக்கே புரியவில்லை.

புதியவர்கள் எல்லோரும் முகப்புப்படத்தில் நேரத்தைக் கொட்டுவார்கள், பார்க்க அழகாக இருக்கும் என்பதால். என் எண்ணத்தில் வெட்டுப்படம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். வெளிச்சம் எவ்வளவு ஆழம் உள்ளே வருகிறது, சூடான காற்று எங்கே போய் நிற்கிறது, தெருவுக்கும் உள்தரைக்கும் எவ்வளவு உயர வித்தியாசம், மேல்தளத்தில் இருப்பவருக்குக் கீழே நடப்பது கேட்குமா என்பதெல்லாம் அதில்தான் தெரியும். சமூகப் பங்கு என்று தேடிக்கொண்டிருந்ததில் பாதி எனக்கு வெட்டுப்படத்தில்தான் கிடைத்தது, எப்படி என்று அடுத்ததில் வருகிறது.

5. அளவெடுங்கள், இதற்குக் குறுக்குவழி கிடையாது

தனியாகப் போகாதீர்கள். ஒருவர் டேப்பின் நுனியைப் பிடிக்க, ஒருவர் படிக்க, முடிந்தால் மூன்றாமவர் எழுத. முதலில் டேப்பைத் தொடாமல் கண்பார்வையில் ஒரு தோராயத் தளப்படம் போட்டுக்கொள்ளுங்கள், பக்கம் முழுக்கப் பெரிதாக. அதன்மேல்தான் அளவுகளை எழுத வேண்டும். சின்னதாகப் போட்டால் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்போது 3 எது 8 எது என்று தெரியாமல் மறுபடியும் போவீர்கள். நான் போனேன்.

சுவரோரமாகத் துண்டு துண்டாக அளக்காதீர்கள். டேப்பை ஒரு மூலையில் பிடித்து நெடுக விட்டு, கதவு தொடங்குமிடம், முடியுமிடம், ஜன்னல் தொடங்குமிடம் என்று ஒரே பூஜ்யத்திலிருந்து தொடர்ச்சியாகப் படித்துக்கொண்டே போக வேண்டும். துண்டு துண்டாக அளந்தால் ஒவ்வொன்றிலும் அரை சென்டிமீட்டர் பிசகி, கடைசியில் சுவர் பத்து சென்டிமீட்டர் நீண்டுவிடும். ஒவ்வொரு அறையிலும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்துவிடுங்கள். இரண்டும் சமமில்லை என்றால் அறை செங்கோணத்தில் இல்லை, இந்த இரண்டு எண் இல்லாமல் அதை வரையவே முடியாது.

சுவரின் தடிமனைக் கதவு நிலையில் பாருங்கள். இரண்டு தளத்துக்கு இடையே உள்ள உயரத்துக்கு மாடிப்படியை எண்ணினால் போதும், ஒரு படி 15 சென்டிமீட்டர், மொத்தம் 20 படி என்றால் 3 மீட்டர். வேலை முடிந்ததும் அங்கேயே நின்று ஒரு கணக்குப் போடுங்கள்: உள்ளறைகளின் நீளம், சுவர்களின் தடிமன் எல்லாவற்றையும் கூட்டினால் வெளிச்சுவரின் நீளம் வர வேண்டும். வரவில்லையென்றால் தவறு எங்கே என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம், கிளம்பிய பிறகு அது முடியாது.

சரி, வெட்டுப்படத்துக்கு வருவோம். நூலக வாசலில் நான்கு படி, ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர், ஆக உள்தரை தெருவைவிட 60 சென்டிமீட்டர் உயரம். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1-க்கு 12 என்ற சரிவில் இருக்க வேண்டும் என்பது பல நாட்டு விதிகளில் உள்ள அளவு, அப்படியென்றால் 60 சென்டிமீட்டர் ஏற 7.2 மீட்டர் நீளம் வேண்டும். வாசலுக்கும் சாலைக்கும் நடுவே இருப்பது 3 மீட்டர். அதனால் சாய்தளத்தைப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள், நல்ல அகலமாக, கைப்பிடியோடு. பின்கதவின் சாவியோ காலை நேரக் காவலாளியிடம். அவர் மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார்.

அதாவது சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்த நூலகம் இரண்டு மணிக்கு மூடிவிடுகிறது. என் முதல் கட்டுரையின் பன்னிரண்டு பக்கத்தில் சமூகம் என்ற சொல் இருபது முப்பது தடவை வந்திருக்கும், இப்படி ஒரு வரிகூட இல்லை.

அளவெடுக்கப் போகும்போது கூடவே சரிபார்த்துக்கொள்ள இன்னும் சில எண்கள். கதவைத் திறந்தால் கிடைக்கும் வழி ஏறக்குறைய 80 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா. சக்கர நாற்காலி ஒரு முழுச்சுற்றுத் திரும்ப 1.5 மீட்டர் விட்டம் உண்டா. மாடிப்படியில் இரண்டு ஏற்றமும் (ஒரு படியின் உயரம்) ஒரு மிதியும் (கால் வைக்கும் அகலம்) கூட்டினால் 60-இலிருந்து 65 சென்டிமீட்டருக்குள் வருகிறதா, வரவில்லையென்றால் வயதானவர்கள் அந்தப் படியில் தடுமாறுவதை நீங்களே பார்ப்பீர்கள். கழிப்பறையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே பரப்பு ஒதுக்கியிருந்தால் "சமமாகத்தானே இருக்கிறது" என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த்தொட்டிகள் குறைந்த இடத்தில் அடங்கிவிடும், எனவே அதே பரப்பில் ஆண்கள் பக்கம் அதிகம் பேர் போகலாம், பெண்கள் பக்கம் வரிசை நிற்கும்.

6. காகிதங்களைத் தேடுங்கள்

ஒரு கட்டடத்துக்குப் பின்னால் ஒரு கட்டுக் காகிதம் இருக்கும். எல்லாம் கிடைக்காது, கிடைத்தவரை போதும்.

கட்டட அனுமதிக்குக் கொடுத்த வரைபடம் உள்ளாட்சி அலுவலகத்தில் இருக்கும், பல சமயம் கட்டடத்தின் பொறுப்பாளரிடமும் ஒரு நகல் இருக்கும். இது கிடைத்ததும் அளவெடுக்கும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அனுமதி வாங்கியது ஒன்று, கட்டியது இன்னொன்று என்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சிவப்புப் பேனாவால் குறித்துக்கொண்டே வாருங்கள், உங்கள் கட்டுரையின் சுவாரசியமான பகுதி அதுவாகத்தான் இருக்கும். நூலகத்தின் அனுமதி வரைபடத்தில் சிறுவர் பகுதி தரைத்தளத்தில் இருந்தது. இப்போது அது மாடியில், பழைய இடத்தில் அலுவலக அறை.

அவசரகால வெளியேறும் வழியைக் காட்டும் படம் ஒன்று சுவரில் மாட்டியிருக்கும். யாரும் கண்டுகொள்வதில்லை, ஆனால் காசில்லாமல் கிடைக்கும் தளப்படம் அது. அளவுப்படி இருக்காது, முதல் தோராயப் படம் போட உதவும்.

மூன்றாவது, பராமரிப்புப் பதிவேடு. இதைக் கேட்கத் தயங்காதீர்கள். எந்தக் குழாய் எத்தனை தடவை பழுதானது, எந்த விளக்கு எரியவில்லை, எங்கே நீர்க்கசிவு என்று வருஷக்கணக்கில் யாரோ எழுதிக்கொண்டே வந்திருப்பார். நூலகப் பதிவேட்டில் ஒரே ஜன்னலின் கொக்கி ஐந்து தடவை மாற்றப்பட்டிருந்தது. போய்ப் பார்த்தால், அந்த அறையில் காற்று வரும் ஒரே ஜன்னல் அது, எல்லோரும் அதைத்தான் திறந்து திறந்து மூடுகிறார்கள். மற்ற ஜன்னல்களை அலமாரிகள் மறைத்திருந்தன.

காகிதத்தில் ஒரு வரி மாறுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு லண்டன் கிரென்ஃபெல் டவரை நினைத்துப் பாருங்கள். 24 மாடிக் குடியிருப்பு, ஒரே மாடிப்படி. புதுப்பிப்பு வேலையில் வெளிச்சுவரைப் போர்த்த முதலில் துத்தநாகத் தகடு என்று இருந்தது, செலவைக் குறைக்க அதை எளிதில் எரியும் பாலிஎதிலீன் பிளாஸ்டிக் உள்ளீடு கொண்ட அலுமினியப் பலகையாக மாற்றினார்கள். மிச்சமானது கிட்டத்தட்ட 3 லட்சம் பவுண்டு. 2017 ஜூன் 14 அன்று அந்தப் போர்வை வழியாகத் தீ மேலேறியதில் 72 பேர் இறந்தார்கள். குடியிருந்தவர்களில் சிலர் தீ ஆபத்தைப் பற்றி முன்பே எச்சரித்திருந்தார்கள். எனவே பொருள் பட்டியல், விவரக்குறிப்பு, மாற்றக் கடிதம் எது கண்ணில் பட்டாலும் "யார் கேட்டு, எதற்காக மாறியது?" என்று ஒரு கேள்வியை ஓரத்தில் எழுதி வையுங்கள்.

7. சும்மா உட்கார்ந்து பாருங்கள்

இதை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், வேலை செய்வது போலத் தெரியாது என்பதால்.

தளப்படத்தை எட்டுப் பத்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வார நாளில் ஒரு தடவை, விடுமுறை நாளில் ஒரு தடவை, அதிலும் காலை, மதியம், மாலை என்று பிரித்துக்கொண்டு போங்கள். பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை யார் எங்கே இருக்கிறார்கள் என்று படத்தில் புள்ளி வையுங்கள், நிற்பவருக்கு ஒரு குறி, உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு குறி. வெயில் எந்த மேசைவரை வந்து விழுகிறது என்று கோடு போடுங்கள். எட்டு வாரத்தில் நீங்கள் பார்ப்பது ஒரு பருவத்தின் வெயிலைத்தான், மற்ற மாதங்களுக்கு சூரியப்பாதைப் படத்தை, அதாவது எந்த மாதம் எந்த நேரத்தில் சூரியன் வானத்தில் எங்கே இருக்கும் என்று காட்டும் படத்தை, பார்த்துக் கணக்கிடுங்கள். மனிதர்களைப் படம் எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள், குழந்தைகளை எடுக்கவே வேண்டாம், புள்ளி போதும்.

பேசும்போது "இந்தக் கட்டடம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "நல்லாத்தான் இருக்கு" என்று பதில் வரும், அதோடு முடிந்தது. "நேற்று காலையில் வந்ததும் முதலில் என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டபோதுதான் துடைக்கும் அம்மா, மாடிக்குத் தண்ணீர்க் குழாய் இல்லாததால் தினமும் கீழிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார் என்று தெரிந்தது. வாளியை எங்கே வைக்கிறார் என்ற அந்தக் கேள்விக்கு ஒரு வருஷம் கழித்துப் பதில் கிடைத்தது: மாடிப்படிக்கு அடியில்.

பார்ப்பது மட்டுமே ஒரு வேலையாக முடியும் என்று நம்பாதவர்களுக்கு ஒரு உதாரணம். பிரான்சின் போர்தோ நகரில் லெயோன் ஒக்கோக் என்ற சின்னச் சதுக்கத்தை அழகுபடுத்தித் தரச் சொல்லி 1996-இல் ஆன் லகத்தோன், ஜான்-பிலிப் வசால் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்களிடம் கேட்டார்கள். அவர்கள் அங்கே போய் உட்கார்ந்து பார்த்தார்கள், குடியிருப்பவர்களோடு பேசினார்கள், பிறகு இந்த இடம் ஏற்கெனவே நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னார்கள். சரளையைப் புதிதாகப் போடுங்கள், மரங்களைக் கவனியுங்கள், அடிக்கடி சுத்தம் செய்யுங்கள், இதுதான் அவர்கள் கொடுத்த திட்டம். 2021-இல் அந்த இருவருக்கும் கட்டடக்கலையின் மிகப் பெரிய விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது.

8. சமூகப் பங்கை நான்கு கேள்வியில் தேடுங்கள்

யார் பணம் கொடுத்தார்? யார் முடிவெடுத்தார்? யார் புழங்குகிறார்? யார் பராமரிக்கிறார்? இந்த நான்குக்கும் ஒரே ஆள் பதிலாக வருவது சொந்த வீட்டில் மட்டும்தான், அங்கேகூட எப்போதும் இல்லை. நான்கு பேர் வேறு வேறு ஆளாக இருக்கும்போது அவர்களுக்கு நடுவே என்ன நடக்கிறது என்பதுதான் நீங்கள் எழுத வேண்டியது.

பணம் கொடுத்தவர் யார் என்பதே சில சமயம் ஆச்சரியமாக இருக்கும். சிட்னி ஓபரா ஹவுஸுக்கு முதலில் போட்ட மதிப்பீடு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், 1973-இல் திறக்கும்போது ஆனது 10 கோடியே 20 லட்சம். அந்தப் பணத்தில் பெரும்பகுதி லாட்டரிச் சீட்டு விற்று வந்தது. சீட்டு வாங்கியவர்களில் எத்தனை பேர் உள்ளே போய் இசை நாடகம் பார்த்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

முடிவெடுத்தவர் ஒருவர், குடியிருக்க வேண்டியவர் இன்னொருவர் என்றால் என்ன ஆகும் என்பதற்கு எகிப்தில் லக்சர் அருகே கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்தி 1940-களில் கட்டிய புதிய குர்னா என்ற ஊர் ஓர் உதாரணம். மண் செங்கல், குவிமாடம், காற்றோட்டம் என்று இன்றும் பாடமாகப் படிக்கிறோம். ஆனால் பழைய குர்னாவில் குடியிருந்தவர்களை அங்கே இடம்பெயர்ப்பது அரசின் முடிவு, அவர்களுடைய பிழைப்பெல்லாம் பழைய இடத்தில் இருந்தது, பெரும்பாலோர் வரவில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. சிலியின் இக்கிக்கே நகரில் கின்டா மொன்ரோய் என்ற இடத்தில் முப்பது வருஷமாகக் குடிசை போட்டிருந்த சுமார் நூறு குடும்பங்களுக்கு வீடு கட்ட வேண்டும், குடும்பத்துக்கு 7,500 டாலர் மானியம், அதிலேயே நிலத்தின் விலையும் அடக்கம். அலெஹாந்த்ரோ அரவேனாவின் குழு 2004-இல் பாதி வீடு கட்டிக்கொடுத்தது. சமையலறை, குளியலறை, மாடிப்படி, பொதுச்சுவர் போன்ற கடினமான பாதி. மற்ற பாதிக்கு இடத்தை விட்டுவைத்தார்கள், குடும்பங்கள் தங்கள் வசதிக்குத் தக்கபடி கட்டிக்கொண்டன. முழு வீட்டைச் சின்னதாகக் கட்டி, பிழைப்பிருக்கும் நகர நடுவை விட்டு ஒதுக்குப்புறத்துக்கு அனுப்பியிருந்தால் கணக்கு இன்னும் எளிதாக முடிந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு பொறி, நான் விழுந்தது. எல்லாவற்றுக்கும் வடிவமைப்பைக் காரணம் சொல்வது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் புருயிட்-ஐகோ என்று 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடி. 1950-களில் கட்டியதை 1972-இல் இடிக்கத் தொடங்கினார்கள். பார்த்தீர்களா, நவீனக் கட்டடக்கலை தோற்றது என்று சுலபமாக எழுதிவிடலாம், நானும் எழுதினேன். ஆனால் அங்கே பராமரிப்புச் செலவு குடியிருப்பவர்களின் வாடகையிலிருந்துதான் வர வேண்டும் என்று ஏற்பாடு. நகரத்தின் மக்கள்தொகையே சரிந்துகொண்டிருந்தது, வீடுகள் காலியாகக் காலியாக வாடகை குறைந்தது, வாடகை குறையக் குறையப் பழுதுபார்ப்பது நின்றது. மூன்று மாடிக்கு ஒருமுறை மட்டும் நிற்கும் லிஃப்ட் போன்ற வடிவமைப்புக் குறைகள் நிலைமையை மோசமாக்கின, ஆனால் காரணம் அவை மட்டுமில்லை. நான்காவது கேள்வியான "யார் பராமரிக்கிறார்" என்பதை நான் கேட்டிருந்தால் அந்தப் பத்தியை எழுதியிருக்க மாட்டேன்.

9. எழுதுவதும் அச்சிடுவதும்

"கட்டடக்கலை ஒரு சமூகத்தின் கண்ணாடி" என்று தொடங்காதீர்கள். ஆசிரியர்கள் அந்த வரியை ஆயிரம் தடவை படித்திருப்பார்கள். வரைபடம் முதலில், எழுத்து அதன் பக்கத்தில் சின்னச் சின்னதாக. ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் ஓர் அளவோ, புள்ளிப்படமோ, காகிதமோ இருக்க வேண்டும். இல்லாததை எடுத்துவிடுங்கள்.

நேரத்தை இப்படிப் பிரித்தேன், இரண்டாம் தடவை: முதல் வாரம் கட்டடமும் கடிதமும், அனுமதி வரும்வரை வெளியே நின்று வரைவது. மூன்றாம் வாரத்தில் இரண்டு நாள் அளவெடுப்பு. ஒரு நாள் அளந்ததை வரைய மூன்று நாள் ஆகிறது, இதை யாரும் முன்னாலேயே சொல்வதில்லை. ஐந்து, ஆறாம் வாரங்கள் உட்கார்ந்து பார்ப்பதற்கும் காகிதத்துக்கும். ஏழு எழுத்து. எட்டாம் வாரத்தில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது, அச்சு மட்டும்.

அச்சில் இரண்டு விஷயம். தாள் அளவை முதலிலேயே தீர்மானியுங்கள்: ஏ3 தாளில் 1:100 அளவில் 42-க்கு 29.7 மீட்டர் அடங்கும், 1:50 என்றால் அதில் பாதி, ஓரம் விட்டால் இன்னும் குறைவு. அடுத்தது, அச்சிடும்போது "பக்கத்துக்குப் பொருத்து" என்ற குறி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அது தானாகவே படத்தைச் சுருக்கிவிடும். 10 சென்டிமீட்டர் வர வேண்டிய என் சுவர் 9.3 வந்தது, ஆசிரியர் ஸ்கேலை வைத்து ஒரே நொடியில் கண்டுபிடித்தார், ஆறு பெரிய தாளும் மறுபடி அச்சு, அந்த மாதச் செலவுக் காசு முழுக்கப் போனது. முதலில் ஒரு மூலையை மட்டும் சின்னத் தாளில் அச்சிட்டு ஸ்கேல் வைத்துப் பாருங்கள். எப்படியிருந்தாலும் ஒவ்வொரு படத்திலும் ஒரு மீட்டர் தாளில் எவ்வளவு நீளம் என்று காட்டும் அளவுக்கோடு ஒன்று வரைந்துவிடுங்கள், படம் சுருங்கினாலும் அதுவும் சேர்ந்து சுருங்கும். வடக்குக் குறியும் அளவெடுத்த தேதியும் மறக்க வேண்டாம்.

ஜூரியில் பத்து நிமிஷம் கிடைக்கும். கட்டடம் எப்போது கட்டியது, யார் திறந்து வைத்தார் என்று ஐந்து நிமிஷத்தைத் தின்றுவிடாதீர்கள். வெட்டுப்படத்தில் விரலை வைத்துத் தொடங்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் சரியான அளவில் அச்சிட்ட தளப்படத்தில் ஒரு நகலைக் கட்டடப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள், பல இடங்களில் அவர்களிடமே சரியான படம் இருக்காது. நான் கொடுத்தபோது நூலகர் பின்கதவைக் காட்டும் இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சாவியின் இன்னொரு நகல் இப்போது உள்ளே, புத்தகம் கொடுக்கும் மேசை இழுப்பறையில் இருக்கிறது.